பள்ளிப் பிள்ளைகள் வழியே வயலுக்கு வரும் பல்கலைக்கழகம்

விதை நெல்லை ஊற வைத்து, முளை கட்டி, நாற்றங்காலில் தெளித்த பிறகு பாதிதான் முளைத்தது என்றால், அந்த நஷ்டம் விதையோடு நிற்பதில்லை. பட்டம் தவறிப் போகிறது. நாற்றை விலைக்கு வாங்க ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் வயல் தயாராக இருப்பதில்லை. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் வைத்து ஒரு வாரம் பார்த்திருந்தால் இவ்வளவையும் தவிர்த்திருக்கலாம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்த எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த ஒன்று, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர வேண்டுமே! அது எந்த வழியாக வரும்?

வேளாண்மை அலுவலர் வருகிறார், வானொலி சொல்கிறது, பத்திரிகையும் எழுதுகிறது. இவற்றைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. நாள்தோறும் காலையில் புத்தகப் பையுடன் வீட்டை விட்டுப் போய், மாலையில் திரும்பி வருகிறதே, அந்தப் பிள்ளைதான் அந்த வழி. பள்ளிக்கூடத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் விதைச் சோதனையைச் செய்து காட்டினால், மறுநாளே வீட்டிலிருக்கும் விதையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நச்சரிப்பது அந்தப் பிள்ளைதான். இது ஏதோ புதுமை அல்ல. நூறாண்டுக்கு மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை.

ஓஹையோவில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் கொடுத்து, அதை விற்று வரும் பணத்தைக் கொண்டு வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த அது வழி செய்தது. கல்லூரிகள் எழுந்தன. ஆராய்ச்சி நிலையங்களும் பின்னால் வந்தன. ஆனால் அங்கே கண்டுபிடித்தவை வயலுக்குப் போகவில்லை. பரம்பரையாக உழுது வந்தவர்கள், "புத்தகம் படித்தவன் எனக்கு உழவு சொல்லித்தருவதா?" என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பருவம் பொய்த்தால் குடும்பம் பட்டினி கிடக்கும் நிலையில், முன்பின் தெரியாதவர் பேச்சை நம்பி வழக்கமான விதையை எப்படிக் கைவிடுவார்கள்?

1902ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர், 10 முதல் 15 வயது வரை உள்ள சிறுவர் சிறுமியரை நீதிமன்றக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் படித்த பாடம் ஏட்டுப் பாடம் அல்ல. நல்ல மக்காச்சோளக் கதிரைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து விதை எடுப்பது, தோட்டம் போடுவது, லிட்மஸ் தாளைக் கொண்டு மண் புளிப்பா இல்லையா என்று பார்ப்பது ஆகியவற்றையே அவர்கள் செய்தார்கள். ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அவர்களுக்குக் கை கொடுத்தன. சங்கம் நன்றாக நடப்பதைக் கண்ட பல்கலைக்கழகம், 1905இல் கிரஹாமையே தன் விரிவாக்கப் பணிக்குத் தலைவராக அமர்த்திக்கொண்டது.

மண்ணைச் சோதித்த பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னது. அப்பா முதலில் சிரித்திருக்கலாம். ஆனால் தன் பிள்ளை தன் கையால், தன் வயல் மண்ணில் செய்து பார்த்ததை எவ்வளவு காலம் மறுத்துக்கொண்டிருக்க முடியும்?

தந்தையை வென்ற சிறுவர்கள்

1907இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டத்தில் பள்ளிச் சிறுவர்களுக்கான மக்காச்சோளச் சங்கம் ஒன்று தோன்றியது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த சீமன் நாப் என்பவர் அதற்குத் துணை நின்றார். விவசாயியின் சொந்த நிலத்தில், அவருடைய கையாலேயே செய்து காட்ட வேண்டும் என்பதே நாப்பின் கொள்கை. சிறுவர்களுக்கும் அதே முறைதான். தந்தையின் நிலத்தில் ஒரு ஏக்கரைப் பிள்ளை பொறுப்பில் விடுவது. சொன்ன முறைப்படி உழுது, விதைத்து, களை எடுத்து, செலவையும் மகசூலையும் நோட்டில் எழுதி வைப்பது.

1910ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் ஜெர்ரி மூர் என்ற 15 வயதுச் சிறுவன் ஒரு ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்ததாக அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, ஏக்கருக்கு ஏறத்தாழ 58 குவிண்டால்! அந்நாளில் அமெரிக்கா முழுவதற்குமான சராசரி ஏக்கருக்கு 30 புஷலைக்கூட எட்டவில்லை. அதாவது ஏழு குவிண்டால் அளவுதான். எல்லாச் சிறுவர்களும் ஜெர்ரி மூர் ஆகிவிடவில்லை. ஆனால் வேலிக்கு இந்தப்புறம் அப்பாவின் பயிர், அந்தப்புறம் மகனின் பயிர் என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, பார்த்தவர்களுக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

அதே ஆண்டு, அதே மாநிலத்தில், மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்குத் தக்காளிச் சங்கம் அமைத்தார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் பத்து சென்ட் நிலம். தக்காளி பயிரிட்டு, மிஞ்சியதைப் பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்றார்கள். அந்தக் காசு சிறுமிகளுடையது.

1914ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி வேறொரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகம் தன் அறிவை ஊருக்குள் கொண்டு போவது அதன் கடமைகளில் ஒன்று என்று ஆயிற்று; அதற்கு அரசுப் பணமும் ஒதுக்கப்பட்டது. சிறுவர் சங்கங்கள் அந்த ஏற்பாட்டில் ஒரு கிளையாகின. நான்கு இலை கொண்ட குளோவர் என்னும் தீவனச் செடிதான் அவர்களுடைய சின்னம். நான்கு இலைகளும் தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும். அந்த இயக்கம் இன்றும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணையுடன் நடந்து வருகிறது.

இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கறுப்பர் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம், தனிப் பள்ளி, குறைந்த பணம் என்றே பல்லாண்டுகள் நடந்தன. அலபாமாவிலிருந்த டஸ்கீகி கல்லூரி 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஒரு வண்டியைக் கறுப்பின விவசாயிகளின் ஊர்களுக்கு அனுப்பியது. கல்லூரிக்கு வர முடியாதவர்களிடம் கல்லூரியே போயிற்று. அந்தப் பிரிவினை 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே ஒழியத் தொடங்கியது. நிலமுள்ளவர் பிள்ளைக்கு மட்டும் பாடம், கூலி வேலை செய்பவர் பிள்ளை வேடிக்கை பார்க்கட்டும் என்ற நிலை நம் ஊர்ப் பள்ளியிலும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நம் நாட்டு ஏற்பாடு

தமிழ்நாட்டில் வேளாண்மைக் கல்வி சென்னை சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 1906இல் கோயமுத்தூருக்கு இடம் மாறியது. அந்தக் கல்லூரியே வளர்ந்து 1971ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற மூன்றும் அதன் பணிகள். நாட்டின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் அமைந்தது. இன்று இந்தியாவில் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. விவசாயிகளுக்கு மட்டுமின்றி, கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுப்பது இவற்றின் வேலை.

கல்லூரி மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இத்திட்டத்தின் சிறப்பு முகாம் ஒரு வார காலம் ஒரே ஊரில் நடைபெறும்.

வேளாண்மைக் கல்லூரிகளில் இதைவிட நெருக்கமான ஓர் ஏற்பாடு உண்டு. இறுதியாண்டு மாணவ மாணவியர், ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ்ச் சில வாரங்கள் கிராமப் பகுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். விவசாயிகளுடன் வயலில் இறங்கி அனுபவம் பெறுவது அவர்கள் பாடத்தின் ஒரு பகுதி. அவர்கள் வரும் ஊர்களில் பள்ளிகளுக்கும் போய், விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல், மக்கும் குப்பையை உரமாக்குதல் முதலியவற்றைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறார்கள். உங்கள் ஊருக்கு அப்படி மாணவர்கள் வந்தால், "சின்னப் பசங்க, இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று அனுப்பிவிடாதீர்கள். அவர்களிடம் பாடம் இருக்கிறது. உங்களிடம் அனுபவம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரு தரப்புக்கும் ஆதாயம்.

பிள்ளைகள் செய்யக்கூடிய நான்கு வேலைகள்

பள்ளியில் கற்று, வீட்டில் செய்து, வயலுக்குப் பயன்படும் எளிய வேலைகள் சிலவற்றைக் கீழே தருகிறோம்.

1. முளைப்புச் சோதனை: விதை மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் கொஞ்சம் விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு விதைகளை எண்ண வேண்டும். நனைத்துப் பிழிந்த சாக்கு அல்லது பருத்தித் துணியில் பத்துப் பத்தாக வரிசையாய் வைத்து, அதை மெதுவாகச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். பயறு வகைகளுக்கு ஏழு எட்டு நாளும், நிலக்கடலைக்குப் பத்து நாளும், நெல்லுக்கு இரு வாரம் வரையிலும் பார்க்கலாம். வேரும் முளையும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லில் 80, உளுந்து, பாசிப்பயறில் 75, நிலக்கடலையில் 70 என்பது விதிமுறை. இதற்குக் குறைந்தால் விதையை மாற்றுவதே நல்லது. அறுவடையானவுடன் எடுத்த சில நெல் ரகங்கள் விதை உறக்கம் காரணமாக உடனே முளைக்காது. அதை வைத்து விதை கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

2. உப்புக் கரைசலில் விதை தேர்தல்: பக்கெட் தண்ணீரில் சமையல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, புதிய கோழி முட்டை ஒன்றை அதில் விட வேண்டும். பழைய நாலணாக் காசு அளவுக்கு முட்டை மேலே தெரிந்தால் உப்பு போதும். அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைக்காயும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய கனமான நெல்லை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அறிவியல் வகுப்பில் அடர்த்தி என்று படிப்பதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பது இங்கேதான்.

3. மண் மாதிரி: அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், எருக்குவித்த இடம், மர நிழல், வாய்க்கால் அருகு ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடங்களில் மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, ஆங்கில "வி" எழுத்து வடிவில் குழி வெட்ட வேண்டும். நெல், கேழ்வரகு போன்றவற்றுக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22.5 செ.மீ. ஆழம். குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளிவிட வேண்டும். அரை கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், போடப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். முடிவு வந்ததும் அந்த அட்டையைப் படித்துச் சொல்ல வேண்டியதும் பிள்ளைதான். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இது பெரிய உதவி.

4. மழைக் கணக்கு: அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை பெய்த மறுநாள் காலை அளவுகோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் அது 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர்! மோட்டார் போடலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்ய இந்த நோட்டு உதவும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பூச்சிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றைக் கலக்கவோ தெளிக்கவோ பிள்ளைகளை ஒருபோதும் விடக் கூடாது. காலி டப்பாவைக்கூட அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. மழை அளக்கும் டப்பாவும் மருந்து டப்பாவாக இருக்கக் கூடாது. அதேபோல், பாடம் என்ற பெயரில் பள்ளி நாளில் பிள்ளையை நடவுக்கும் களைக்கும் நிறுத்திக்கொள்வதும் தவறு. மேலே சொன்னவை யாவும் பள்ளி விட்டபின் அரை மணி நேரத்தில் முடிகிற காரியங்கள்.

குறை எங்கே?

பல்கலைக்கழகம் பள்ளிக்கு வருவது பல ஊர்களில் ஒரு நாள் விழாவாக முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பந்தல் போட்டு, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பிள்ளை மனத்தில் நிற்பது மிட்டாய் மட்டுமே. நட்ட கன்றுக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஓஹையோவில் கிரஹாமின் சங்கம் நிலைத்ததற்குக் காரணம், பிள்ளைகள் மாதாமாதம் கூடினார்கள். விதைத்ததை அறுக்கும் வரை பார்த்தார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு பயிரைத் தொடர்ந்து பார்க்காத பாடம் வேளாண்மைப் பாடம் ஆகாது.

இதற்குப் பெரிய திட்டமும் பணமும் வேண்டியதில்லை. பள்ளி வளாகத்தில் இரண்டு மூன்று சென்ட் இடம் இருந்தால் கீரை, வெண்டை, கொத்தவரை போடலாம். நிலமில்லாதவர் பிள்ளைக்கும் அதில் ஒரு பாத்தி சொந்தமாக வேண்டும். விளைந்தது சத்துணவுக்குப் போகலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். அதாவது நீங்கள்தான். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், "எங்கள் பள்ளிக்கு ஒரு பட்டம் முழுவதும் வந்து வழிகாட்ட வேண்டும்" என்று மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கும், அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரிக்கும் எழுதும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். தீர்மானமாக எழுதி அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு.

பிள்ளையும் பல்கலைக்கழகம் போகலாம்

பல்கலைக்கழகம் பள்ளிக்கு வருவதன் இன்னொரு பயன், பள்ளிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு தெரிவது. நம் வீட்டுப் பிள்ளை கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பதே பல பெற்றோருக்குத் தோன்றுவதில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது.

ஆகவே இரண்டு இடங்களில் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, 6ஆம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையை இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது இந்த உரிமை என்னவாகும் என்று கேட்டறிந்து மாற்ற வேண்டும். இரண்டு, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும் நேரம். அறிவியல் பாடங்கள் உள்ள பிரிவோ, தொழிற்கல்வியில் வேளாண்மைப் பிரிவோ எடுத்தால்தான் வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு வழி திறந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தது என்று வேறு பிரிவை எடுத்துவிட்டு, பிறகு வருந்திப் பயனில்லை. எந்தப் பாடம் தேவை என்பதை அந்தந்த ஆண்டு மாணவர் சேர்க்கைக் குறிப்பைப் பார்த்துச் சொல்லும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"படித்த பிள்ளை மண்ணைத் தொடாது" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடம் ஒருபுறமும் வயல் மறுபுறமுமாக விலகி நின்றால் அந்தப் பேச்சு மெய்யாகிவிடும். பள்ளியில் படித்ததை வயலில் செய்து பார்க்கும் பிள்ளைக்கு மண்ணில் கை வைக்கக் கூச்சம் வராது. அந்தப் பிள்ளை நாளை விவசாயியாகலாம், விஞ்ஞானியாகலாம், வேறு வேலைக்கும் போகலாம். எங்கே போனாலும் விதைக்கு முளைப்பு பார்க்கத் தெரிந்தவராக இருப்பார்.

அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்திருக்கும் விதையிலிருந்து நூறு மணிகளை உங்கள் பிள்ளையிடம் எண்ணச் சொல்லுங்கள். முளைத்தது எத்தனை என்பதை அவர் நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டைப் பள்ளிக்கும் எடுத்துப் போகட்டும்.